சிவப்பு உருவத்தில் தொங்கிய ஸ்பேனர்

டிராக்டர் பட்டறையில் வேலை பழகிய லின்னெட், ஹாக்ஸ்வெல் விமானத் திடலுக்கு முதன்முதலாக வந்தபோது, "டீ போட ஆள் வேணாம்மா" என்று சிரித்தார்கள். இன்று அவள் தலையசைக்காமல் அங்கிருக்கும் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர் விமானம் தரையை விட்டு எழும்பாது. கோபக்காரி. அவள் கருவியை இரவல் கேட்டால் வள்ளென்று விழுவாள்.

விழாமல் என்ன செய்வாள்? போர்க்காலத்து விமானத்தின் நட்டுகளுக்கு இன்றைய ஸ்பேனர் எதுவும் சேராது. அந்தக் காலத்து ஸ்பேனருக்காகப் பழைய சாமான் சந்தைகளில் நாயாய் அலைய வேண்டும். அப்படிச் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் சுவர்ப் பலகையில் சிவப்புச் சாயத்தால் உருவம் வரைந்து, அதன் மேலேயே மாட்டி வைத்திருந்தாள். எங்கேயாவது சிவப்பு தெரிந்தால் கருவி விமானத்துக்குள் கிடக்கிறது என்று பொருள். விமானம் பறக்கக் கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை விமானக் காட்சி. வியாழனன்று வால் பகுதியைத் திறந்து சோதித்தார்கள். உதவிக்கு வந்த விமானி பிரையனி உள்ளே கையை விட்டுத் துழாவி, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு ஸ்பேனரை எடுத்தாள். அதில் கிரீட முத்திரையும் 1943 என்ற எண்ணும் இருந்தன.

விமானத்தின் சொந்தக்காரர் கிறிஸ்பினுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த விமானத்துல எல்லாம் புதுத் தகரம், பேர்த்தகடு மட்டுந்தான் பழசுன்னு சிரிச்சானுங்களே! இப்ப என்ன சொல்வானுங்க? சண்டை நேரத்துல ஒரு மெக்கானிக் மறந்து வெச்சது இது! கண்ணாடிப் பெட்டியில வெக்கணும்."

"பெட்டியெல்லாம் வேணாம்" என்றாள் பிரையனி. "இத்தனை வருஷமா பறந்திருக்கு, ஒண்ணும் ஆகலை. ராசியான சாமான். ஞாயித்துக்கிழமை என்கூட வரட்டும். நீங்க என்ன சொல்றீங்க லின்னெட்?"

லின்னெட் அதை வாங்கித் துடைத்தாள். பெருவிரல் ஒரு சரிவில் பட்டது. அவளுக்குப் பகீரென்றது. வாலின் குறுகலான மூலைக்குள் நுழைவதற்காக அவளே அரத்தால் தேய்த்த சரிவு அது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். ஓரிடத்திலும் சிவப்பு இல்லை. அதே அளவு ஸ்பேனர் ஒன்று அதன் இடத்தில் சமர்த்தாகத் தொங்கியது. போய்க் கழற்றிப் பார்த்தாள். அதன் முனை தேயாமல் முழுசாக இருந்தது.

அந்தப் பலகையைப் பூட்டி வைக்கும் கம்பிக் கதவின் சாவி இரண்டே பேரிடம்தான். அவளிடமும், இருபது வருடமாகத் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் நோரிஸிடமும்.

அவன் டீக் கோப்பையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தான். "நோரிஸ், இது என்னுது."

"எல்லா ஸ்பேனரும் பார்க்க ஒண்ணு மாதிரிதானே இருக்கும் லின்."

"நான் இதைத் தேய்க்கும்போது பக்கத்துல நின்னு, நகத்துக்கு மெருகு போடறியான்னு கேட்டே. மறந்துட்டியா?"

நோரிஸின் முகம் வெளுத்தது. கையிலிருந்த டீக் கோப்பையை வைக்க இடம் தெரியாமல் நின்றான்.

"போன வருஷக் காட்சியன்னிக்குக் காலையில இதைக் காணோம். வெளியே அவ்வளவு ஜனம் காத்திருக்கு. புல்லுல எங்கேயாவது விழுந்திருக்கும்னு நெனச்சேன். சந்தையில வாங்கின இன்னொண்ணு என்கிட்ட இருந்துச்சு. அதைப் பலகையில மாட்டிட்டேன்."

"அப்ப இது உள்ள கிடக்கறப்பவா நான் தலைகீழா பறந்தேன்?" பிரையனி வாலின் திறப்பையே பார்த்தாள். "கொஞ்சம் நகர்ந்து, விமானத்தைத் திருப்புற கம்பியில சிக்கியிருந்தா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லின்னெட் கையிலிருந்த இரண்டு ஸ்பேனர்களையும் பார்த்தாள். நோரிஸ் செய்தது ஒரு பக்கம். நிறைந்த பலகையைப் பெருமையாகப் பார்த்து ஒவ்வொரு முறையும் தலையசைத்தவள் அவள்தானே! அவளை நம்பித்தான் இந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள்.

கிறிஸ்பின் தொண்டையைச் செருமினார். "சரி, ஸ்பேனர்தான் கிடைச்சிருச்சே. இது நமக்குள்ளயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எல்லாம் வித்தாச்சு…"

"இது ஒண்ணு கிடைச்சிருக்கு. மிச்சத்துல எது என்னுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லின்னெட்.

அவள் பலகையிலிருந்து ஒவ்வொரு கருவியாகக் கழற்றினாள். விரலால் தடவிப் பார்த்துத் தரையில் அடுக்கினாள். உதவ வந்த நோரிஸைப் பார்த்து, "தொடாதே" என்றாள். அவன் பின்வாங்கினான். கடைசிச் சுத்தியலையும் எடுத்தபோது, சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்தது.