வாயில் வராத பெயர்

நெற்குப்பைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அக்கம்மாள் டீச்சர் வைத்ததுதான் சட்டம், மதுரையில் ட்ரெயினிங் முடித்த சாலா வந்து இறங்கும்வரை.

அக்கம்மாளுடையது பழைய முறை. யானைக்கு என்னென்ன பெயர், தாமரைக்கு என்னென்ன பெயர் என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பாள்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டும். சாலாவோ பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப் போவாள். ஒரு பொருளைக் கையில் கொடுத்து அதன் பெயரைச் சொல்லுவாள். அந்தச் சொல்லை வைத்து அவரவர் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வைப்பாள். பக்கத்து அறையில் சிரிப்புக் கேட்டால் அக்கம்மாளுக்கு வயிறு எரியும். தன் செல்லப்பிள்ளை நாகவல்லியே இடைவேளையில் சாலாவின் சன்னலடியில் போய் நின்றாள். அன்றைக்கு அக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன சொல்ல?

புதிதாக ஐந்தாம் வகுப்பு தொடங்க இருந்தது. யாருடைய பிள்ளைகளுக்குச் சொல்வளம் அதிகமோ அந்த டீச்சருக்கே வகுப்பு என்று, பள்ளியை நடத்திய தேனம்மை ஆச்சி சொல்லிவிட்டார். அது சாலாவுக்குப் போய்விடக் கூடாது என்று குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள் அக்கம்மாள்.

சோதனையன்று சாலாவின் பிள்ளைகள், ஆச்சி காட்டியதற்கெல்லாம் படபடவென்று பெயர் சொன்னார்கள். அடுத்து அக்கம்மாளின் பிள்ளைகள். ஆச்சி தன் கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன மாலை?"

"சிப்பியில விளையிற மாலை!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"என் குடை என்ன நிறம்?"

"அமாவாசை நிறம்!"

கூடமே சிரித்தது. அக்கம்மாளுக்கு மானம் போயிற்று. அவள் புருஷன் பெயர் முத்துக்கருப்பன். தாலி ஏறிய நாள்முதல் முத்து என்றோ கருப்பு என்றோ அவள் சொன்னதில்லை. வகுப்பிலும் இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்லிவந்தாள்.

"இந்தச் சின்ன வார்த்தைகூடவா தெரியாது?" என்றார் ஆச்சி.

நாகவல்லி எழுந்தாள். "தெரியும் ஆச்சி. அது டீச்சர் வீட்டுக்காரவுக பேரு. டீச்சர் முன்னால நாங்க சொல்ல மாட்டோம்."

சிரிப்பு நின்றது. சாலா மட்டும் முன்னால் வந்தாள்.

"ஆச்சி, ஒரு சொல்லைச் சொல்லாமலே விளங்க வைக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லு நல்லாவே பிடிபட்டிருக்கு. எனக்கு இது தோணாமப் போச்சே! அஞ்சாம் வகுப்பை அவுகளுக்கே குடுங்க. இந்த முறையை நானும் எடுத்துக்கிறேன்."

கேட்ட வரம் கிடைத்தது. அதையும் சாலா கையால் வாங்க வேண்டியதாயிற்று. தோற்றிருந்தால்கூட அக்கம்மாள் ஆறியிருப்பாள். பிள்ளைகளைப் பிடித்தவள் இப்போது தன் முறையையும் பிடித்துக்கொண்டாளே!

வீட்டில் முத்துக்கருப்பன் கேட்டார். "வகுப்பு கிடைச்சிருச்சாமே? யாரு சிபாரிசு?"

அக்கம்மாள் சோற்றைப் பரிமாறினாள், குழம்பை ஊற்றினாள்.

"அதான்... மதுரையில படிச்சிட்டு வந்துச்சே, அது."

அன்றுமுதல் அவள் வாயில் வராத பெயர் இரண்டானது.