பத்து மாசக் கோட்டை

விழுந்த கல்லை அங்கப்பன் உடனே எடுத்து வைத்துவிட மாட்டார். இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் கல்பாசி படர்ந்திருக்கும். அதுதான் கல்லுக்கு முகம். “மொகம் வெளிய இருக்கோணுங்க. இத்தன வருசமா வெயிலும் மழையும் பாத்த மொகம். உள்ளாற திருப்பி வெச்சா மூச்சு முட்டிப் போயிருமுங்க” என்பார். ராத்திரி காட்டெருமை முதுகு தேய்த்துத் தள்ளிவிட்டுப் போன கற்களை விடிந்ததும் அடுக்கி முடித்தால்தான் அவருக்குக் காப்பித்தண்ணி இறங்கும்.

செம்மநத்தத்துக்கு மேலே, அவருடைய சாமைக் காட்டு மேட்டில் இடுப்பளவுக்கு நின்ற சுவர்தான் கோட்டை. அவர் திரும்பி வரும்போது மனைவி கண்ணாயி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: “ராசா வந்தாச்சு. கோட்டை பத்திரமுங்களா? களி ஆறி ஆப்பு மாதிரி கெடக்குது.”

யாராவது வாய் கொடுத்து மாட்டிக்கொண்டால் கோட்டைக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார். கும்பினிக்காரன் காலம். மலைப்பாதையில் எதிரியின் குதிரைப்படை ஏறி வருகிறது என்று எவனோ கிளப்பிவிட்டான். கீழே ஏர் ஓட்டிக்கொண்டிருந்த நாற்பது பேரைப் பிடித்து, ஆளுக்கொரு துப்பாக்கியைக் கொடுத்துப் பாதைக் காவலுக்கு ஏற்றிவிட்டார்கள். வந்தவர்கள் மேட்டைப் பார்த்தார்களே ஒழிய தண்ணீரைப் பார்க்கவில்லை. சுவர் எழுப்பி முடித்த பிறகுதான் கிணறு தோண்டினார்கள். எட்டடியில் பாறை. குதிரை கடைசிவரை வரவில்லை, குளிர்காய்ச்சல்தான் வந்தது. பத்தாம் மாசம் அத்தனை பேரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

“ஒரே ஒரு வெடி வெடிச்சாங்களாம். காட்டுப்பன்னியப் பாத்து. அதுவும் படலீங்க.”

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லுவார். அப்புறம் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வார். காய்ச்சலில் நடக்க முடியாத ஒருத்தனை விட்டுவிட்டுப் போனார்கள். இருபது வயசு இருக்கும். அங்கப்பனின் முப்பாட்டன் அவனைத் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து போட்டார். கேழ்வரகுக் களியைக் கரைத்து ஊட்டினால் துப்பினானாம். “‘சோறு, சோறு’ன்னானாம். ‘கீழ எறங்கோணும்’னானாம். அன்னிக்கு நம்ம ஊட்டுல ஒரு புடி அரிசி இல்லீங்க. தூக்கிட்டு எறங்கவும் ஆரும் இல்லீங்க.” நாலாம் நாள் போய்விட்டான். கோட்டைக்குள்ளேயே புதைத்து, தலைமாட்டில் தேங்காய் அளவு ஒரு கல்லை நட்டார்கள். பேரைக் கேட்டு வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாமை அறுப்பு முடிந்த மறுநாள் வீட்டார் எல்லாரும் களி தின்பார்கள். அவனுக்கு மட்டும் அரிசிச் சோறு. அங்கப்பன் ஏற்காடு வரைக்கும் நடந்து போய் ரேஷன் அரிசி வாங்கிவந்து, தன் கையாலேயே பொங்கி, தலைமாட்டுக் கல்லுக்கு முன்னால் இலையில் வைத்துக் கூப்பிடுவார்: “கண்ணு, சூடா இருக்குது, எந்திரி.” செத்து இருநூறு வருஷம் ஆனவனைக் கண்ணு என்கிறாரே என்று கேட்டால், “இருவது வயசுல போனவன் எந்நாளும் சின்னப் பையன்தானுங்களே” என்பார்.

எண்பத்து நாலில் ரோடு வேலை வந்தது. கான்ட்ராக்டரின் கணக்கு எழுதும் ரைட்டர் லூர்துராஜ் மேட்டில் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “அண்ணா, வளைவுல தாங்குசெவுரு இல்லாட்டி ரோடு நிக்காது. கீழருந்து கல்லு வரோணும்னா இந்த வருசம் ஒரு மைலுக்கு முன்னாலயே நிறுத்திருவோம். இந்தக் கல்லக் குடுத்தீங்கன்னா சித்திரைக்கு உங்க ஊட்டு வாசல்ல பஸ்ஸு.”

“அது ஒருத்தனோட ஊடுங்க” என்று சொல்லிவிட்டு அங்கப்பன் இறங்கி வந்துவிட்டார்.

இரண்டு நாள் கண்ணாயி களித்தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முந்தின வருஷம் மகள் காளியாயியை வலியோடு தூளி கட்டிச் சுமந்து போனபோது பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து நிலைக்காமல் போனது. இப்போது அவளுக்கு மறுபடி அஞ்சாம் மாசம். மூணாம் நாள் காலை களித்தட்டை வைத்துவிட்டுக் கண்ணாயி கேட்டாள்: “செத்த புள்ளைக்குச் செவுரு வேணும். பொறக்கப்போற புள்ளைக்கு ரோடு வேண்டாமுங்களா?”

அங்கப்பன் கை கழுவிவிட்டு மேட்டுக்குப் போனார். தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “பாதையக் காக்கத்தான கண்ணு உங்களயெல்லாம் அனுப்புனாங்க. கல்லு பாதைக்கே போவட்டும். கோவிச்சுக்காத சாமி.”

லூர்துராஜிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பாசி முகம் வெளியே இருக்க வேண்டும். வேலை முடிகிறவரை வளைவிலேயே நின்று ஒவ்வொரு கல்லையும் திருப்பிக் கொடுத்தார். “கல்லுக்குப் பொண்ணு பாக்கறீங்களாக்கும்!” என்று கொத்தனார் கிண்டல் செய்ததற்கு, “ஆமாங்க, மூஞ்சி முக்கியம்” என்றார்.

சித்திரையில் முதல் பஸ் வந்தது. சேலம் பெரியாஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் காளியாயியும் கண்ணாயியும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அங்கப்பன் பின்னால் ஜன்னலோரம். மடியில் தேங்காய் அளவுக்குத் துண்டு முடிச்சு ஒன்று கனத்துக் கிடந்தது.

“என்னங்க பெரியவரே, சேலத்துல கல்லுக்கா பஞ்சம்?” என்றார் கண்டக்டர்.

“கல்லு இல்லீங்க. கூட வர்ற ஆளு.”

கண்ணாயி திரும்பிப் பார்த்தாள். அது எந்தக் கல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “திருப்பிக் கூட்டியாந்துருவீங்கல்ல?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

“அவனக் கேட்டுத்தான் சொல்லோணும்.”

பஸ் ஏற்காட்டைத் தாண்டி மலைரோட்டில் இறங்கியது. அடிவாரத்துக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் மரங்கள் விலகின. கீழே வயலும் ஏரியும் சேலத்து ஓட்டுக் கூரைகளும் திடுமென விரிந்தன. அங்கப்பன் முடிச்சை அவிழ்த்தார். கல்லை இரண்டு கையிலும் ஏந்தித் தேடி, பாசி படர்ந்த முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.