பவுடர் பூசி வந்தவர்

மார்பைப் படம்பிடிக்கும் மேமோகிராம் எடுக்க வந்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் முகத்துவாரக்குப்பத்து மீன்காரம்மா. அகன்ற கறுத்த தோள். கழுத்திலும் மார்பிலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் பவுடர்.

உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"இன்னாக்கா, முடிஞ்சிதா?" என்றேன்.

"எங்க முடிஞ்சிது? பவுடரு படத்துல புள்ளி புள்ளியா வுழுதாம். கயிவிக்கினு வான்னுது மிசினு பொண்ணு."

"டெஸ்டுக்கு வரும்போது யாராவது இவ்ளோ பூசுவாங்களா?"

"கவுச்சியோட பஸ்சுல ஏறுனா பக்கத்துல ஒருத்தரும் குந்த மாட்டாங்கம்மா. பூசிப் பூசிப் பயகிப்போச்சு. இன்னைக்கு அந்தப் பொண்ணு வேற கிட்ட வந்து தொடணுமேன்னு கொஞ்சம் தூக்கலா போட்டுக்கினேன்."

குழாயடியில் தேய்த்துக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை வெளியே வர வெகுநேரம் ஆனது.

அவராகவே சொன்னார்.

"பவுடரு எல்லாம் போய்ட்ச்சாம். ஒரே எடத்துல மட்டும் புள்ளி போவலியாம். ஊசி குத்திப் பாக்கணுமாம்."

சொல்லிவிட்டு, பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார். கழுத்தைச் சுற்றி நிதானமாகப் பூசிக்கொண்டார்.

"பஸ்சுல போவணும்ல" என்றார்.

என் படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அவர் குப்பத்துப் பக்கம் போகும் எண்ணூர் பஸ்ஸில் பவுடர் வாசனை வந்தால் இன்னமும் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விடுகிறேன். இதுவரை அவர் வந்து உட்காரவில்லை.