வைப்பாற்று மணல் பள்ளத்தில் விரால் குஞ்சுகள்

2005 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் திருநெல்வேலியில் பஸ் ஏறி, காலை 7 மணிக்குச் சாத்தூரில் இறங்கினேன். எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் இருபத்தாறு ரூபாய். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கரையில் மனிதர்கள் செய்யும் காரியங்களால் ஆற்று மீன்களின் இருப்பிடம் என்ன ஆகிறது என்று வைப்பாற்றில் மூன்று இடங்களைப் பார்த்து மதிப்பிட வந்திருந்தேன். பையில் ஒரு கைவலை, அளவுநாடா, மதிப்பெண் தாள்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும்.

7.30. சாத்தூர்ப் பாலத்தடி. அந்த வருஷம் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் ஓடியது. ஆனால் ஊர்ச் சாக்கடை வந்து விழும் பக்கம் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. வலையில் ஜிலேபிக் கெண்டை மட்டுமே ஏறியது. எந்த அழுக்கிலும் பிழைத்துக்கொள்ளும் மீன் அது. இரண்டு மதிப்பெண் போட்டேன்.

8.15. இருக்கன்குடி பஸ்ஸில் கோயிலுக்குப் போகிறவர்களின் கூட்டம். இரண்டரை ரூபாய் டிக்கெட் எடுத்து, பாதி வழியில் இறங்கி ஆற்றுக்குள் நடந்தேன். இரண்டாவது இடத்தில் கரை முழுக்கச் சீமைக்கருவேலம். ஓடை போல ஒடுங்கிய தண்ணீரில் ஒரு பெண் பழைய சேலையை விரித்து அயிரை பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் பேச்சியம்மாள், வயது முப்பத்தைந்து இருக்கும். வாரத்தில் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை; காலை ஆறு மணிக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஞாயிறு மட்டும் ஆற்றுக்கு வருவார். நான் தாளில் நான்கு மதிப்பெண் போட்டதைப் பார்த்து, வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

10 மணி. மூன்றாவது இடம். லாரி லாரியாக மணல் அள்ளியதில் ஆறு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒரு பள்ளம் மட்டும் பெரியது. நாற்பது அடி நீளம், ஆள் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். பதினைந்து அடி தள்ளி ஆறு மெலிந்து ஓடியது. இடையில் மணல் திட்டு. நான்கு முறை வலை போட்டேன். ஒன்றும் இல்லை. தாளை எடுத்தேன்.

"சைபர் போட்டுறாதீக டீச்சர். இங்கன வந்து குப்புறப் படுங்க" என்றார் பேச்சியம்மாள்.

படுத்தேன். நிழல் தண்ணீரில் விழக்கூடாது என்று என் தலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். கால் மணி நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு பள்ளத்தின் மூலையில் தண்ணீர் சிவந்தது. குங்குமத்தைக் கரைத்துவிட்டது போல, சுளகு அகலத்துக்கு ஒரு செந்நிறத் திரள் மேலே வந்து கொதித்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே, என் முன்கை நீளத்தில், கறுத்த ஒரு பெரிய விரால். குஞ்சுகள் மூச்செடுக்க வந்தால் அதுவும் எழும்பியது. அவை அமிழ்ந்தால் அதுவும் அமிழ்ந்தது. பதினாறு வருஷமாக வகுப்பில் விராலின் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். என் மூச்சுச் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் மாடசாமி வந்தார். பேச்சியம்மாளுடைய கணவரின் தம்பி. அக்கரையில் மிளகாய் போட்டிருப்பவர். கையில் பட்டாசு மருந்து அடைத்துத் திரி வைத்த தகர டப்பா. கொளுத்தித் தண்ணீரில் எறிந்தால் வெடித்து மீன் எல்லாம் செத்து மிதந்துவிடும். பேச்சியம்மாள் எழுந்து குறுக்கே நின்றார்.

"பங்குனியில பள்ளம் வத்திரும் மதினி. அம்புட்டும் செத்துத்தான் போகும். இன்னைக்கே எடுத்தா என்ன?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பள்ளம் அப்படித்தான் வற்றும்.

"ஆறு நாளும் இந்த மருந்தோடதான் இருக்கேன். எப்ப என்ன ஆகுமோன்னு ஒவ்வொரு திரிக்கும் நெஞ்சு அடிச்சுக்கிடுது. ஆத்துலயாவது இது வேணாம்லே. படுத்துப் பாரு" என்றார் பேச்சியம்மாள். குரல் உயரவில்லை.

மாடசாமி டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். வெகுநேரம் எழவில்லை. அதற்குள் பேச்சியம்மாள் ஒரு கை தண்ணீரை டப்பாவில் ஊற்றி, மருந்து நமுத்துக் கூழானதும் மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார்.

எழுந்த மாடசாமி தோட்டத்துக்குப் போய் மண்வெட்டியோடு திரும்பினார். திட்டை வெட்டிப் பள்ளத்தை ஆற்றோடு சேர்த்துவிட்டால், ஆறு வற்றுமுன் ஓட்டத்தோடு கீழே ஆழமான மடுவுக்குப் போய்விடும் என்றார். மதிப்பிட வந்தவள் எதையும் மாற்றக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலைக் கையால் தள்ளினேன்.

மதியம் 1.40. தண்ணீரும் தண்ணீரும் சேர்ந்தன. கணுக்கால் ஆழம், இரண்டடி அகலம். மூவரும் கருவேல நிழலில் ஒதுங்கி, பேச்சியம்மாள் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பகிர்ந்து தின்றோம். மூன்று மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. இனி வராது என்று நான் நினைத்தபோது மாடசாமி என் முழங்கையைத் தொட்டார்.

விரால் வாய்க்காலுக்குள் வந்திருந்தது. ஆழம் போதாமல் அதன் முதுகு வெளியே பளபளத்தது. ஒரு முழம் போய் நின்றது. சிவப்புத் திரள் கயிறு போல நீண்டு பின்னால் வந்து சேர்ந்தது. மறுபடி ஒரு முழம். பதினைந்து அடியைக் கடக்க இருபது நிமிஷம் ஆனது. கடைசிக் குஞ்சும் ஓடும் தண்ணீரில் இறங்கியபின் அந்தக் கறுப்பு முதுகு அமிழ்ந்தது. அது தாயா தகப்பனா என்று பேச்சியம்மாள் கேட்டார். விராலில் இரண்டும் காவல் காக்கும், மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். கண் ஈரமாக இருந்தது. எனக்கும்தான்.

மாலை 5.30. சாத்தூர் பஸ் நிலையம். மூன்றாவது இடத்துக்கான தாள் இன்னும் காலியாகவே இருந்தது. மறுநாள் வேலை என்பதால் பேச்சியம்மாள் ஆற்றங்கரையிலேயே விடைபெற்றுப் போய்விட்டார். எங்கள் தாமிரபரணியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. தினமும் பாலத்தைக் கடந்துதான் கல்லூரிக்குப் போகிறேன். வைப்பாற்றில் மழைக்காலம் போனால் மணல்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று மாதத்தில் எந்தப் பள்ளத்தில் எது குஞ்சு பொரித்திருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிற ஒரு மனுஷி இங்கே இருக்கிறார். எங்கள் ஆற்றைப் பற்றி அப்படி எனக்கு ஒன்றுமே தெரியாது.