அம்மா உடன்குடிக்காரி ஆன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் சுற்றுலா என்றால் வண்டலூர். மிஞ்சிப்போனால் மாமல்லபுரம். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதனால், நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் மதுரைக்குப் போகிறோம், மூன்று நாள் தங்குகிறோம் என்று அப்பா சொன்னபோது, ‘தங்குகிறோம்’ மட்டும்தான் என் காதில் விழுந்தது. கோயிலெல்லாம் அப்புறம். தங்குவது என்றால் ஓட்டல். ஓட்டல் என்றால் லிஃப்ட், ஏசி, வெள்ளை விரிப்பு.

உடனே அம்மாவின் போனைக் கைப்பற்றினேன். இரண்டே நாளில் மதுரை ஓட்டல்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கே துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைப்பார்கள், எங்கே காலையில் பூரி உண்டு, எங்கே தங்கியவர் கரப்பான்பூச்சியைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: பாத்ரூம் சுத்தமா, ரயில் சத்தம் கேட்குமா. கொருக்குப்பேட்டையில் எங்கள் மாடிக்குப் பின்னாலேயே கூட்ஸ் யார்டு. நேரம் காலம் இல்லாமல் வேகன்களை இடித்து இடித்துச் சேர்ப்பார்கள், சமையலறை டப்பாக்கள் கிடுகிடுக்கும். மூன்று நாளாவது டப்பா ஆடாமல் தூங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அப்பாவோ என் ஓட்டல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவருக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. தெற்கேயிருந்து வந்து இங்கே கடை போட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்தக் குடும்பங்களுக்கு ஊருக்கு ஊர் உறவின்முறைச் சங்கம் உண்டு, சங்கத்துக்கு விடுதியும் உண்டு. வாடகை பேருக்குத்தான். ஆனால் போனில் பட்டனை அழுத்தி ரூம் எடுக்க முடியாது. மேனேஜரைக் கூப்பிட்டு, யார் மகன், எந்தக் கடை, பெண் எடுத்தது எந்த ஊரில் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், அட அவர் பேரனா என்று சாவி தயாராகிவிடும். அது விசாரணை இல்லை, மரியாதை என்பது அப்பாவின் கட்சி. அங்கே துண்டில் அன்னப்பறவை இருக்குமா என்று கேட்டேன். துண்டே நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அங்கேதான் தங்கணுமா என்று அம்மா ஒரே ஒருதரம் கேட்டாள். காசிமேட்டில் ஒரு கூறு மீனுக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவள், சும்மா மாதிரி கிடைக்கிற ரூமுக்கு ஏன் இப்படி இழுக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்காதது நிறைய இருந்தது. அம்மா ராயபுரத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அப்பா அவளை விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணத்துக்கு அப்பா பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. ஆல்பத்தில் ஒரு பக்கம் நெரிசலும் ஒரு பக்கம் காலி நாற்காலிகளுமாக இருப்பதைப் பார்த்து, போட்டோக்காரருக்கு ஆட்களைச் சரியாக நிறுத்தத் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெற்கே சொந்த ஊரில் ஓர் அண்ணன் உண்டு, அவர் கோடைதோறும் கடைச் சரக்கு எடுக்க மதுரைக்கு வருவார், வந்தால் அந்த விடுதியில்தான் தங்குவார் என்பதும் பிற்பாடு தெரிந்ததுதான். வீடு தேடிப் போனால் கதவு திறக்காது. ஆனால் ஒரே விடுதியில், காலையில் பல் துலக்க வரும்போது தம்பி எதிரில் நின்றால் அண்ணன் என்ன செய்துவிடுவார்? அப்பாவின் யோசனை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மேனேஜருக்குப் போன் போட்டார். ஏசி பற்றி அவர் கேட்கிறாரா என்று நான் கண்காணிக்க வேண்டியிருந்ததால், ஸ்பீக்கரில் போடச் சொல்லி நச்சரித்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து அருவாமனையில் சங்கரா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கடையில் லாரிக்காரர்களிடம் ‘இன்னா மாமு’ என்று பேசுகிற அப்பா, போனை எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டார். “அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா?” என்று ஆரம்பித்தார். மேனேஜருக்குத் தாத்தாவைத் தெரிந்திருந்தது. தாத்தா கையால் மிட்டாய் வாங்கித் தின்றதைச் சொன்னார். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு மேனேஜர் சாதாரணமாகக் கேட்டார்.

“சரி, வீட்ல எந்த ஊரு?”

மனைவியைத்தான் கேட்டார். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

“நம்ம பக்கந்தான் அண்ணாச்சி. உடன்குடி.”

அருவாமனைச் சத்தம் நின்றது. பூகோளத்தில் நான் முதல் மார்க். விட்டுவிட முடியுமா? அம்மா ராயபுரம்தானே அப்பா என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை வீசி என்னை அடக்கிவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். திரும்பி வந்து ரூம் கிடைத்துவிட்டது என்று சுவரிடம் சொன்னார். நான் கைதட்டினேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை.

“எனுக்கு ஒரு ஊரு கீதுய்யா.”

ஒரு வார்த்தைதானே, அங்கே யார் நம்மைத் தோண்டித் துருவப் போகிறார்கள் என்று அப்பா மென்று விழுங்கினார்.

“ஒரு வார்த்ததான். மூணு நாளும் நான் வாய மூடிகினு குந்தினு இருக்கணும். தொறந்தா உன் உடன்குடி இன்னா ஆவறது?” கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். “எங்கப்பா மூட்ட தூக்கித்தான் என்ன வளத்தாரு. அவர எங்கய்யா வுட்டுட்டு வர்றது?”

அப்பா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். இதென்ன பெரிய விஷயம், கீது என்பதற்குப் பதில் இருக்கு என்று சொன்னால் போதும், பள்ளிக்கூடத்தில் நான் அப்படித்தான் பேசுகிறேன், நாலு நாளில் உனக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன் என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

குழம்பு கொதித்தது, சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்த அப்பா அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து மறுபடி போனை எடுத்தார். இந்தத் தடவை அவர் பேச்சில் தெற்கத்தி ராகம் இல்லை.

“காலையில தப்பா சொல்லிட்டேன் அண்ணாச்சி. வீட்ல ராயபுரம். மாமனார் ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு.”

மேனேஜர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் ‘உம்’ கொட்டினார். பரவாயில்லை அண்ணாச்சி என்றார். வைத்துவிட்டார். அந்த ரூமில் திடீரென்று பைப் உடைந்துவிட்டதாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் கிடைத்த ரூமை யாராவது தாமே போன் போட்டுக் கெடுத்துக்கொள்வார்களா? அம்மாவும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதுரையில் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜில் தங்கினோம். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து வரும்போது அப்பா எங்களை ஒரு சுற்றுவழியில் அழைத்துப்போய், ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கித் தந்தார். தெருவுக்கு எதிர்ப்புறம் சங்க விடுதியின் வாசல். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் அங்கே ஆட்டோவுக்காக நின்றார். அப்பாவின் அதே மூக்கு, அதே காது, உடம்பு மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது. அப்பா, அவர் அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கார் என்றேன். அப்பா அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். போய்ப் பேசு, நாங்க இங்கியே நிக்கிறோம் என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

“கூப்ட்டா மூணு பேரையும் கூப்பிடட்டும்” என்றார் அப்பா.

வேட்டிக்காரர் ஒருதரம் இந்தப் பக்கம் திரும்பினார். பார்த்தாரா, இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அப்பாவின் டம்ளர் எப்போதோ காலியாகிவிட்டிருந்தது. அவர் அதை உதட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மா தன்னுடையதிலிருந்து பாதியை அதில் ஊற்றினாள். எனக்கு மட்டும் ஏன் ஊற்றவில்லை என்று லாட்ஜ் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.