எதிர்க்கட்சி சயாமுக்குப் போனது

நான் பழமைவாதி. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சிலருக்கு இளவயதிலேயே வழுக்கை விழுவதில்லையா, அந்த மாதிரி எனக்கு இது வந்துவிட்டது. ஒரு சட்டம் என்றால் போட்டவனே மறந்துபோகும் அளவுக்குப் பழையதாக இருக்க வேண்டும். ஒரு துரை என்றால் அவருடைய அப்பாவும் துரையாக இருந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகை என்றால் நேற்று சொன்னதையே இன்றும் சொல்ல வேண்டும். இதுதான் என் அரசியல். இதை வைத்துக்கொண்டு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தை ஒருவன் எப்படிக் கடந்திருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது லிங்கி ஆற்றுப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பிறவி. இரண்டு பக்கமும் நம்பாது. அது எனக்குப் பழகிப்போயிருந்தது. பழகாதது ஒன்றுதான். என் கருத்துகளுக்கு ஒரு குறை உண்டு: எதிரில் யாராவது உட்கார்ந்து மறுத்தால்தான் அவை நிமிர்ந்து நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை என் மனைவி செய்துவந்தாள். ஜப்பான்காரன் வருவான் என்றாள் அவள். வரமாட்டான், அரசாங்கமே சொல்லியிருக்கிறது என்றேன் நான். தங்கை கல்யாணத்துக்காக மகளைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் கப்பல் ஏறியபோது பித்தளைக் குடம்வரை மூட்டை கட்டினாள். மூன்று மாதத்துக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"உங்க அரசாங்கம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதில்ல, அதான்" என்றாள்.

கல்யாணம் முடிந்து அவள் திரும்புவதற்குள் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்துவிட்டான். எங்கள் துரை காரில் போனார். போகும்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரே வாக்கியம் சொன்னார். நாய்க்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதைச் சாவகாசமாக விளக்கினார். தபால் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கத்தில், தான் சொன்னது பலித்துவிட, அவள் உட்கார்ந்திருந்தாள். அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கக்கூட எனக்கு இங்கே ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் டிரெஸ்ஸர் எனக்கு எதிர்க்கட்சி ஆனார். ஆஸ்பத்திரி என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்லிவந்த தகரக் கொட்டகையில் மருந்து கலக்கிக் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுபவர். என்னைவிட இளையவர், தனி ஆள். இந்தியாவைப் பார்த்ததே இல்லை, அதனால் அதன்மேல் அளவு கடந்த காதல். ஜப்பான்காரன் வெள்ளைக்காரனை விரட்டினால் இந்தியாவுக்கு விடுதலை கிடைக்கும் என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டைப் பிடுங்கிக் குடியேறியவன் என் வீட்டை மீட்டுத் தருவான் என்று நம்ப முடியவில்லை என்பது என் கட்சி.

சிரம்பானிலிருந்து தமிழ்ப் பத்திரிகை ஒரு பிரதி வரும், இரண்டு மூன்று நாள் பழசாக. சாயங்காலம் ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரின் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் படிப்போம். கூலிகள் குடியிருந்த லயத்து வரிசையிலிருந்து சிலர் கேட்க வருவார்கள். முதல் வாரத்திலேயே பத்திரிகை கிழிந்தது. ஏதோ ஒரு கடலில் வெள்ளைக்காரனின் கப்பல்கள் மூழ்கியதை அவர் படித்த தோரணையில், கேட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் தாமே நனைந்துவிட்டதுபோல் சேலையை இழுத்துக்கொண்டார்கள். நான் பத்திரிகையைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை.

அதன் பிறகு ஒரு விதி செய்துகொண்டோம். தனக்குப் பிடித்த செய்தியைத் தானே படிக்கக் கூடாது. அடுத்தவர்தான் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. உலகத்தில் எந்தப் பாராளுமன்றத்திலும் இவ்வளவு நல்ல விதி இருப்பதாக நான் படித்ததில்லை. விளைவு என்னவென்றால், அந்த நாளைய ஜப்பான் வெற்றிகள் முழுவதையும் நான்தான் வாசித்தேன். பர்மாவைப் பிடித்ததை நான் படித்தது, ஒரு சாவுச் செய்தி மாதிரி இருந்ததாக, ஆட்களை மேய்க்கும் மண்டோர் சொன்னார். எனக்குப் பிடித்த செய்தி எதுவும் அச்சில் வராததால், அரிசி அளவு குறைகிறது, துணி கிடைக்காது, உப்புக்கு வரிசையில் நிற்கவும் என்பது போன்ற அறிவிப்புகள் என் பங்காகக் கணக்கிடப்பட்டன. அவற்றை டிரெஸ்ஸர் படிக்க வேண்டியிருந்தது. தன் கட்சிக்காரனே தன் வயிற்றில் அடிக்கிறான் என்ற வருத்தம் அந்தக் குரலில் தெரியும். நான் ரசித்துக் கேட்பேன்.

அரசாங்கக் கொள்கை ஒன்றுவிடாமல் அந்தப் படிக்கட்டில் விவாதிக்கப்பட்டது. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னால். ரப்பர் மரத்துக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அதில் பால் வெட்ட வெளிச்சம் வந்த பிறகுதான் கண் தெரியும், வெயில் ஏறினால் பால் கட்டிவிடும். புது மணிப்படி, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டை அடித்தால் ஆட்கள் இருட்டில் வந்து வரிசையாக நின்று கொசு அடித்தார்கள். கடைசியில் மண்டோர் இரண்டு தரம் அடித்தார், ஒன்று அரசாங்கத்துக்கு, இன்னொன்று மரத்துக்கு. முதல் சத்தத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. பழமைக்குக் கிடைத்த வெற்றி என்றேன் நான். தொழிலாளியே நேரத்தைத் தீர்மானிக்கிற காலம் வந்துவிட்டது என்றார் அவர். பிறகு நல்ல மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்கிற நாடுதான் நாடு என்றார். அவர் மரவள்ளிக்கிழங்கைக் கொள்கையோடு சாப்பிட்டார். நான் உப்பு மீனோடு சாப்பிட்டேன்.

இது விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வார்த்தைக்காக ஆளைக் கொண்டுபோனார்கள். போனவர்கள் எல்லாரும் வரவில்லை. டிரெஸ்ஸர் ஜப்பான்காரன் ஆதரித்த இந்திய விடுதலைச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். நான் படிக்கட்டில் பேசியதில் பாதியை அவர் அங்கே போய்ச் சொன்னாலே என்னைக் கொண்டுபோகப் போதும். ஒரு நாள் சங்கத்து ஆட்கள் சிரம்பானிலிருந்து கூட்டம் நடத்த வந்தார்கள். வரிசையாக எல்லாரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்ததும், டிரெஸ்ஸர் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் வாயைத் திறக்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தொண்டைக்குள் தடவினார். அதற்குப் பிறகு நான் விரும்பினாலும் பேசியிருக்க முடியாது. என் முறை வந்தபோது அவரே எழுந்து நின்று, "கிராணியாருக்குத் தொண்டை சரியில்ல லா, நான்தான் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார். நான் கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டினேன். தேசபக்தி என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கெட்டது.

பிறகு சயாம் வந்தது. அங்கிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆட்கள் தேவை, சில மாத வேலைதான், அரிசி உண்டு, துணி உண்டு, மருத்துவ வசதி உண்டு என்று பத்திரிகையில் போட்டார்கள். அது யாருக்குப் பிடித்த செய்தி, யார் படிப்பது என்று எங்களுக்கே விளங்கவில்லை. கடைசியில் டிரெஸ்ஸர் படித்தார். ஆளெடுக்க வருகிறவன் சொல்லும் சாப்பாட்டை இதுவரை எந்தக் கூலியும் கண்ணால் பார்த்ததில்லை, என் அப்பாவையும் இப்படித்தான் கங்காணி கப்பலேற்றினான் என்றேன். வெள்ளைக்காரனின் புத்தியை எல்லார்மேலும் ஏற்றாதீர்கள் என்றார் அவர்.

எங்கள் தோட்டத்துக்கும் உத்தரவு வந்தது. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஜப்பான் அதிகாரியிடம், ஆள் போனால் பால் வெட்ட ஆள் இருக்காது என்று என்னால் ஆன மட்டும் பணிவாகச் சொன்னேன். ரப்பர் வாங்கத்தான் யாரும் இல்லையே என்று சிரித்தார். ஆட்களைப் பொறுக்கினார்கள். டிரெஸ்ஸரின் பெயர் அதில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் படிக்கட்டுக்கு வந்தார், உட்காரவில்லை.

"நானும் போறேன்" என்றார்.

உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்டேன்.

"மருத்துவ வசதி உண்டுன்னு நான்தானே படிச்சுச் சொன்னேன். இல்லாமப் போச்சுன்னா?"

அன்று நான் பேசிய பேச்சை வேறு எப்போதும் பேசியதில்லை. அரசாங்கத்தின் கொள்கை, சயாம் காட்டுக் காய்ச்சல், அறிவிப்பு மொழியின் இலக்கணம் எல்லாவற்றையும் இழுத்தேன். இங்கேயும் நோயாளிகள் இருக்கிறார்கள் என்றேன். எனக்கே தொண்டை அடிக்கடி கெடுகிறதே என்றேன். போனால் எனக்குப் பேச ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அது வாதம் ஆகாது என்று நினைத்தேன். அவர் ஒன்றையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துப் படியில் வைத்தார்.

"தொண்டை மருந்து. நான் இல்லாதப்ப நீங்களே தடவிக்குங்க, கிராணியாரே. வாயை அடக்கத் தெரியாத ஆளு நீங்க."

லாரியில் ஏறும்போது லயத்துப் பொம்பளைகள் அழுதார்கள். நான் அழவில்லை, அதற்கு என்ன முன்மாதிரி இருக்கிறது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பத்திரிகை வந்தது. வழக்கத்தை விடாமல் இருப்பதுதானே என் கொள்கை, அதனால் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பாதிப் பேர் சயாமில். கேட்க வந்தவர்கள் கிழடுகளும் கைப்பிள்ளைக்காரிகளும். அவர்கள் சயாம் என்ற சொல் வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வரவில்லை என்றதும் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். மண்டோரைப் பிடித்து வைத்துக் கொஞ்ச நாள் படித்தேன். எதைச் சொன்னாலும் "ஆமாங்கய்யா" என்பார். அரசாங்கம் செய்வது தப்பு என்றேன், ஆமாங்கய்யா. ஒருவேளை சரியாகவும் இருக்கலாம் என்றேன், அதுவும் ஆமாங்கய்யா. லிங்கியில் ஒரு சீனக் கடைக்காரரிடம் முயன்று பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, கூரையைப் பார்த்து, உப்பு மீனைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

பிறகு நானே இரண்டு கட்சியாகவும் பேசிக்கொள்ளத் தொடங்கினேன். வெற்றிச் செய்தியை என் குரலில் படிப்பேன், பிறகு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து அதையும் சொல்வேன். சங்கடம் என்னவென்றால், அவர் பக்கத்தை நான் கொஞ்சம் நன்றாகவே பேசினேன். விரட்டப்பட்டவன் வீட்டைவிட்டு ஓடும்போது நாயின் சாப்பாட்டைப் பற்றிப் பேசினான், உங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினானா கிராணியாரே என்று அவர் கேட்பார். எனக்குப் பதில் வராது. அவர் இருந்திருந்தால் வந்திருக்கும். தொண்டை மருந்தை நான் திறக்கவே இல்லை. புட்டியின் அடியில் அது கறுத்துக் கெட்டியாகிவிட்டது.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் வந்தான். கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் வைத்தோம், மண்டோர் ஒரே ஒரு தரம் அடித்தார். நான் சொன்னதெல்லாம் பலித்திருந்தது. அந்த மாதிரி வெறுமையான ஒரு மாதத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். லாரியில் போனவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க லயத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. வந்தவர்களிடம் டிரெஸ்ஸரைப் பற்றிக் கேட்டேன். முகாமில் மருந்தே வரவில்லை என்றார் ஒருவர். புண்ணைக் கழுவ உப்புத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார், அதற்குப் பிறகு எங்களை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

டிரெஸ்ஸர் வந்தது ஒரு பிற்பகல். முதலில் அடையாளம் தெரியவில்லை. யாரோ வயதானவர், வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். கஞ்சி குடிக்க வைத்தேன். சாயங்காலம் ஆனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். புதுப் பத்திரிகை, பக்கம் முழுவதும் என் கட்சி. நல்லாட்சி திரும்பியது, பழைய சட்டங்கள் அமலுக்கு வந்தன, துரைமார் வருகிறார்கள். விதிப்படி அவர்தான் படிக்க வேண்டும். மூன்றரை வருடம் நான் பட்ட பாட்டுக்குக் கூலி அது. நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க, கிராணியாரே. எனக்கு எது புடிக்கும்னு எனக்கே தெரியல."

படித்தேன். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "நீங்க சொன்னதுதான் சரியாப்போச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. உடனே அவர் கட்சிக்கு மாறினேன். சரியாவது, மண்ணாவது என்றேன். ஓடிப்போன துரைமார் எந்த முகத்தோடு வருகிறார்கள் என்று கேட்டேன். இந்தியாவுக்கு விடுதலை வராமலா போகும், இனிமேல் பழையபடி நம்மை உட்கார வைக்க முடியுமா என்றேன். நான் தனியாகப் பழகி வைத்திருந்த எல்லாவற்றையும், நாய்ச் சாப்பாட்டோடு சேர்த்து, உரக்கச் சொன்னேன். லயத்து வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுக்க வேண்டும், அல்லது இது என் பேச்சல்லவா என்று சிரிக்கவாவது வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க, தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.

மருந்து எடுத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். அது எவ்வளவு கசக்கும் என்று நினைவு வந்தது. இருந்தாலும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக் கதவை உள்ளேயிருந்து சாத்தும் சத்தம் கேட்டது.