சிவகாசிக்காரர் வாங்கி வந்த தீப்பெட்டி

இன்று காலை தனுஷ்கோடியில், கொழும்பு போய்விட்டுக் கப்பலில் வந்து இறங்கிச் சுங்கச் சோதனைக்கு நின்றோம்.

"என்ன வாங்கினீங்க?" என்றார் அதிகாரி.

"ஒரு நைலான் சேலை, ரெண்டு டஜன் தீப்பெட்டி" என்றார் என் மச்சான், ஒளிவுமறைவில்லாமல்.

"எந்த ஊரு?"

"சிவகாசிங்க. தீப்பெட்டிக் கம்பெனிதான் வச்சிருக்கேன்."

அதிகாரியின் முகம் மாறியது. "சிவகாசிக்காரர் தீப்பெட்டிய விலைக்கு வாங்கினீங்களா? உள்ள என்ன, தங்கமா?"

"லேபிள் படம் அம்புட்டு அழகா இருந்துச்சுய்யா. அதே மாதிரி நாமளும் போடலாம்னுதான்..."

அவர் நம்பவில்லை. எல்லாப் பெட்டிகளையும் மேசையில் கொட்டினார். வெறும் குச்சிகள்தான்.

அலுத்துப்போய் சிகரெட்டை வாயில் வைத்தவர், கொட்டிக் கிடந்ததில் ஒரு குச்சியை எடுத்து உரசினார். பற்றவில்லை. இன்னொன்றும் நமத்திருந்தது.

மச்சான் சட்டைப்பையிலிருந்து தன் கம்பெனிப் பெட்டியை எடுத்துப் பணிவாக நீட்டினார். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

"இத நானே வச்சுக்கலாமா?"

"எடுத்துக்கிடுங்க. லேபிள்தான் சுமாரா இருக்கும், பாத்துக்கிடுங்க."

இப்போது ரயிலில் மச்சான் அந்தக் குச்சிகளைத் திரும்பப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். விருதுநகரில் இறங்குவதற்குள் சொல்லுங்கள், வெளிநாட்டு ஈரக்குச்சி யாருக்கு வேண்டும்?